மாதாவுக்குக் கொடுத்த முதுகுச் சட்டை

அத்தியாயம் ஒன்பது

பேசாலையில் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குச் சரக்குக் கறி வைத்துக் கொடுக்கப் போயிருந்த லூர்தம்மா, காலையில் முதலாவது பஸ்ஸில் தாழ்வுபாட்டுக்குத் திரும்பினாள். படலையைத் திறந்ததும் மகள் றொமில்டாதான் கண்ணில் பட்டாள். பிள்ளை முற்றத்தில் குனிந்து, ஓலைப் பாயில் கிடந்த கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் குனிவுதான் லூர்தம்மாவைப் படலையிலேயே நிறுத்தியது.

அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் பிளாஸ்ரிக் சட்டை போட்ட பிள்ளை அப்படிக் குனிய முடியாது. கீழே விழுந்த பென்சிலை எடுப்பதென்றாலும் றொமில்டா முழங்காலை மடித்துக் குந்தித்தான் எடுப்பாள். இப்போது அவளுடைய மெல்லிய கவுணுக்குள்ளால் வலப்பக்க விலா மேடாக எழும்பித் தெரிந்தது. இடப்பக்கம் பள்ளமாகக் கிடந்தது.

"சட்டை எங்க பிள்ளை?"

றொமில்டா நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். சோழகக் காற்று ஓயும்வரை கடலுக்குப் போக முடியாமல், யாகப்பர் பூவரச மரத்தின் கீழ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மாதாட்ட குடுத்திட்டன்" என்றார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எந்த மாதாட்ட?"

"எத்தினை மாதா இருக்கு? மடு மாதாட்டத்தான்."

லூர்தம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். தங்கை கொடுத்தனுப்பிய முட்டைகள் அதற்குள் இருந்தன. அவற்றின் நினைப்பே அவளுக்கு இருக்கவில்லை.

இந்தக் குடும்பத்தோடு இத்தனை கிழமையாக நடந்து வருகிறவர்களுக்கு அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லலாம். உறுதிபூசுதலுக்கு வெள்ளைக் கவுண் தைக்கக் கொடுத்தபோது, தையல்காரி எப்படி வெட்டினாலும் கரை ஒரு பக்கம் இறங்கி நின்றது. கவுணில் பிழை இல்லை, பிள்ளையின் முதுகில்தான் பிழை என்று பிறகுதான் தெரிந்தது. முள்ளந்தண்டு வலப்பக்கம் வளைந்துகொண்டு போகிறது என்றார் டொக்டர். மன்னார் ரவுணில், கண்ணிவெடியில் கால் போனவர்களுக்குக் கால் செய்து கொடுக்கும் இடத்தில், றஹீமா என்ற பெண் றொமில்டாவின் உடம்பைச் சுற்றி ஈரச் சாந்துத் துணி சுற்றி அச்செடுத்து, அந்த அச்சுக்கு அளவாகப் பிளாஸ்ரிக் சட்டை ஒன்றைச் செய்து கொடுத்தாள். குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதைப் போட வேண்டும். வளர்ந்து முடியும்வரை போட வேண்டும். வேர்வை, கடி, பள்ளிக்கூடத்தில் 'ஆமை' என்ற பட்டப்பெயர் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு பிள்ளை போட்டாள்.

அப்புறம் அந்த எக்ஸ்றே படம் வந்தது. பழைய படத்தில் முதுகெலும்பு முருங்கைக்காய் மாதிரி வளைந்திருந்தது. புதிய படத்தில் ஏறக்குறைய நேராக நின்றது. யாகப்பர் அந்தப் படத்தை வெயிலில் பிடித்துக் கரையில் நின்ற எல்லாருக்கும் காட்டினார். எலும்பின் ஓரமாக வரிசையாகத் தெரிந்த வெள்ளைப் புள்ளிகளைச் செபமாலை மணி என்றார். மாதா தன்னுடைய மணியை வைத்து அடையாளம் காட்டியிருக்கிறா என்று அவர் சொல்ல, நாலு பேர் அதைத் தொட்டுக் கும்பிடவும் செய்தார்கள்.

லூர்தம்மா பேசாலைக்குப் போன பிறகு ஆவணித் திருநாள் வந்தது. யுத்தம் நின்றிருந்த காலம் அது. பாதை திறந்து கிடந்ததால் மடுவுக்கு நாடே திரண்டு போனது. யாகப்பரும் தன் தமக்கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் நடந்ததுதான் இது.

"டொக்டர் கழட்டச் சொன்னவரே?" லூர்தம்மா கணவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்ட கை முறிஞ்சு பத்துப் போட்டது ஞாபகம் இல்லையே உனக்கு? எலும்பு பொருந்தினாப் பிறகு பத்தைக் கழட்டினதுதானே. சாகுமட்டும் போட்டுக்கொண்டு திரிஞ்சனானே?"

"அது கை. இது முதுகு."

"ரெண்டும் எலும்புதான், லூர்து. படத்தைப் பாத்தனிதானே. நேர்த்தி வைச்சம், மாதா சுகம் தந்திட்டா. சுகம் வந்தவன் கைத்தடியைக் கொண்டுபோய் மாதாட காலடியில வைக்கிறதில்லையே? அப்பிடித்தான்."

அவர் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது. அதுதான் லூர்தம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது. நேர்த்தி வைத்தவளே அவள்தான். படத்தைப் பார்த்து அவளும் அழுதவள்தான். ஆனால் சற்று முன்பு குனிந்து நின்ற பிள்ளையின் முதுகை அவள் கண்ணால் கண்டிருந்தாள்.

"இண்டைக்கு றஹீமாட்ட வார் இறுக்கப் போற நாள்" என்றாள். "வெளிக்கிடுங்கோ. மூண்டு பேரும் போவம்."

*

கால் செய்யும் இடத்தில் விறாந்தை வாங்கில் ஆட்கள் நிரம்பி இருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத இளந்தாரி ஒருவன் எழும்பி லூர்தம்மாவுக்கு இடம் விட்டான். அவள் அதில் இருக்கவில்லை, நின்றுகொண்டாள்.

றஹீமா எருக்கலம்பிட்டியாள். சின்ன வயதில், இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஊரோடு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்தவள். கொழும்பில் இந்தத் தொழிலைப் படித்து, சமாதானம் வந்ததும் மன்னாருக்கே வேலைக்கு வந்திருந்தாள். கலகலப்பான பெண். அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

"வாங்க அக்கா. எங்க, என்ட ஆமைக்குஞ்சு எங்க?"

றொமில்டாவின் தோளில் கை வைத்தவுடன் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே கூட்டிப்போய்த் திரையை இழுத்து, பிள்ளையைக் குனியச் சொன்னாள். தண்ணீர் மட்டம் பார்க்கிற கருவி மாதிரிச் சின்னதாக ஒன்றை முதுகின் குறுக்கே வைத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் பார்த்தாள்.

"எத்தின நாளா போடல்ல?"

"திருநாளில இருந்து" என்றாள் றொமில்டா.

யாகப்பர் கொண்டு வந்திருந்த எக்ஸ்றே படத்தை எடுத்து நீட்டினார். "பிள்ளை நேராகிட்டுதுதானே? இஞ்ச பாருங்கோ."

றஹீமா படத்தை ஜன்னலில் பிடித்தாள். அவள் குரல் உயரவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலவும் சொல்லவில்லை.

"அண்ணன், இது சட்டையைப் போட்டபடி எடுத்த படம். சட்டை சரியாத் தள்ளுதா எண்டு பாக்கத்தான் இப்பிடி எடுக்கிற. சட்டை பிடிச்சு வெச்சிருக்கிறதால எலும்பு நேராத் தெரியுது. கழட்டினா எலும்பு தன்ட பாட்டுக்குத்தான் போகும்."

"அப்ப இந்த மணி?"

"எந்த மணி?"

யாகப்பர் வெள்ளைப் புள்ளிகளைத் தொட்டுக் காட்டினார். றஹீமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவருடைய முகத்தைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அது வாரைப் பொருத்தி அடிச்ச ஆணி, அண்ணன். நான்தான் அடிச்சன்."

யாகப்பர் படத்தை வாங்கி உறைக்குள் போட்டார். கரையில் எத்தனை பேருக்கு அதைக் காட்டினார் என்பது லூர்தம்மாவுக்குத் தெரியும். வேறொரு நாளென்றால் அவரை ஒரு கிழமைக்குச் சீண்டியிருப்பாள். அன்று அவர்மேல் பரிதாபம்தான் வந்தது.

"பிழை எங்கடதான்" என்றாள். "இன்னொண்டு செய்து தாங்கோ தங்கச்சி. நாங்கள் காத்திருக்கிறம்."

றஹீமா அவளைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப் போனாள். பிளாஸ்ரிக் ஷீற் அடுக்குகிற பெரிய தட்டு சுவரோடு நின்றது. மேல்தட்டும் நடுத்தட்டும் வெறுமையாக இருந்தன. கீழ்த்தட்டில் கொஞ்சம் கிடந்தது.

"வெளில வாங்கில இருக்கிறவங்களப் பாத்தீங்கதானே அக்கா. சண்டை நிண்டதும் சனம் ஊருக்குத் திரும்பிப் போகுது, வளவு துப்பரவாக்குது, மிதிவெடில கால் போகுது. இருக்கிற ஷீற் அவங்கட காலுக்கே காணாது. அடுத்த லொறி எப்ப வரும் எண்டு கொழும்புல இருக்கிறவங்களுக்கே தெரியாது. வந்தாலும் புது அச்செடுத்து, புதுசாச் செய்யோணும். மாசக் கணக்காகும்."

"அதுவரைக்கும் பிள்ளைக்கு?"

"அதுதான் பயமா இருக்கு. இவ இப்ப விறுவிறு எண்டு வளர்ற வயசு. வளர வளர வளைவும் கூடும். ஒரு அளவுக்கு மேல போச்செண்டா சட்டை வேலை செய்யாது. பிறகு கொழும்புல முதுகைக் கீறிக் கம்பி வெக்கிறதுதான் வழி."

கொழும்பு, கத்தி, கம்பி என்ற மூன்று சொல்லும் லூர்தம்மாவின் தலைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன.

"பழைய சட்டை கைக்கு வந்தா?"

"வந்தா நல்லம். வாரைக் கொஞ்சம் இளக்கி, அங்கங்க வெட்டி, லொறி வருமட்டும் அதை வெச்சே ஓட்டலாம். மடுலதானே இருக்கு? போய் விளங்கப்படுத்திக் கேளுங்க. பாதர்மார் தருவாங்கதானே."

*

பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில்தான் புருஷனும் பெண்சாதியும் முட்டிக்கொண்டார்கள்.

"மாதாட்டக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதே? நீ என்ன கதை கதைக்கிறாய்? நான் கடலுக்குப் போறவன்."

"நீங்கள் கேக்க வேண்டாம். நான் கேக்கிறன்."

"ஆர் கேட்டாலும் ஒண்டுதான். ஊரில ஆரும் செய்யாத வேலை."

"ஊரில ஆரும் சட்டை ஆணியைச் செபமாலை எண்டும் சொல்லேல்ல."

யாகப்பர் எக்ஸ்றே உறையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். லூர்தம்மாவுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டாமென்று பட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கிற நேரமும் அது இல்லை.

"அவவும் ஒரு பிள்ளையைப் பெத்தவதானே" என்றாள், கொஞ்சம் தணிந்து. "ஒரு தாய் கேட்டால் அவவுக்கு விளங்கும். கோவம் வந்தால் என்னோட கோவிக்கட்டும்."

"நாளைக்குப் போவம். இப்ப போனால் திரும்பி வர நேரமாகும். சோதனைச் சாவடியைப் பூட்டிப்போடுவாங்கள்."

"இப்பவே போறம்."

அவர் வரமாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். பஸ் புறப்பட்டபோது பின்வாசலில் ஏறி, மூன்று சீற்றுத் தள்ளித் தனியாகப் போய் இருந்தார்.

தள்ளாடிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பெண்களைத் தனியாகச் சோதிக்கிற கூட்டுக்குள், ஆமிக்காரி றொமில்டாவின் இடுப்பையும் முதுகையும் தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். சட்டை போட்டிருந்த காலத்தில் இதே இடத்தில் பட்ட பாட்டை லூர்தம்மா நினைத்துக்கொண்டாள். உடம்பைச் சுற்றிக் கல்லு மாதிரி ஒன்று இருக்கிறதென்றதும் ஆமிக்காரி பின்வாங்கிக் கத்த, துவக்கோடு ஆட்கள் ஓடிவர, டொக்டரின் துண்டைக் காட்டிக் காட்டித் தாயும் மகளும் நடுங்கி நின்ற நாள் அது. இன்றைக்கு ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். இந்தச் சுகத்தை நினைத்து அவளால் மகிழ முடியவில்லை.

பஸ் முருங்கன் தாண்டும்போது றொமில்டா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பேசினாள்.

"அம்மா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சட்டையைப் போட்டபடி எடுத்த படம்தான் எண்டு. படம் எடுக்கேக்க கழட்டேல்லையே. கழட்டினால் திரும்ப வளையும் எண்டு றஹீமா மிஸ் முதலே சொன்னவ."

"அப்பாட்ட ஏன் சொல்லேல்ல?"



"அப்பாவுக்கு நல்ல சந்தோசம், அம்மா. திருநாள் பூசை முடிய, கழட்டு பிள்ளை, இனிக் காணும் எண்டு சொன்னார். நான் கழட்டிக் குடுத்திட்டு, மாமியோட குளிக்கப் போனனான். காத்துப் பட்டுது. அப்ப ஒண்டும் சொல்ல மனம் வரேல்ல."

லூர்தம்மாவுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அந்த வெக்கைக்குள், வார் இறுக்கி, தோல் சிவந்து, இரவில் ஒருபக்கம் திரும்பிப் படுக்கவும் முடியாமல் கிடந்த பிள்ளை. காற்றுப் பட்டது என்று சொல்கிற பிள்ளையை எதைச் சொல்லி ஏசுவது? அவள் மகளின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மடு வரும்வரை மாதாவிடம் எப்படிக் கேட்பதென்று சொற்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

*

மடுச் சந்தியில் இறங்கி, ஆமிக்காரரின் சாவடி, பிறகு இயக்கத்தின் சாவடி என்று இரண்டையும் தாண்டி, வான் பிடித்துக் கோவிலுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது.

திருநாள் முடிந்த கோவில் வளவு அமைதியாக இருந்தது. சனம் போட்டிருந்த கொட்டில்களில் பாதியைப் பிரித்துவிட்டார்கள். பாலை மரங்களுக்குக் கீழே குரங்குகள் சோற்றுப் பொதிகளைக் கிளறிக்கொண்டிருந்தன.

லூர்தம்மா முக்காட்டைச் சரிசெய்தாள். முதலில் உள்ளே போய் மாதாவிடம் சொல்லிவிட்டு, பிறகு பாதரிடம் போவதென்று முடிவெடுத்திருந்தாள். இரண்டடி வைத்திருப்பாள், யாகப்பர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"லூர்து, நில்லு."

"நீங்கள் வெளியிலயே நில்லுங்கோ எண்டனான்தானே."

"அங்க இல்லை."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சட்டை கோவிலில இல்லை. நான் கோவிலில வைக்கேல்ல."

யாகப்பர் மரத்தடி மணலில் குந்தி இருந்துவிட்டார். நாளெல்லாம் ஒரு பாரத்தைத் தூக்கித் திரிந்த மனிதன் இருப்பதுபோல அந்த இருப்பு இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"உள்ளுக்குக் கொண்டுபோய் வைக்கத்தான் போனனான். வாசலில ஒரு மனுசி, ஒரு பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. ராக்கம்மா எண்டு பேர். மலையகத்தில இருந்து வந்து பண்டிவிரிச்சானுக்கு அங்கால குடியிருக்கிற ஆக்கள், கூலி வேலை. எங்கட மாதிரி வேதக்காரரும் இல்லை. எண்டாலும் மாதாட்ட வந்திருக்கு. பிள்ளைக்கு முதுகு வளைவு. எங்கட பிள்ளையைப் போலதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை எண்டு அழுதா. என்ட கையில சட்டை இருந்தது. இதைத்தான் மாதா சொல்லுறா எண்டு நினைச்சன்."

"குடுத்திட்டீங்கள்."

"மாதாட பேரில குடுத்தன். அதுவும் மாதாட்டக் குடுத்ததுதானே."

"அதைக் காலமை சொல்லியிருக்கலாமே. இவ்வளவு தூரம் ஏன் இழுத்துக்கொண்டு வந்தனீங்கள்?"

"மாதாட்ட இருக்கு எண்டால் நீ கேக்கமாட்டாய் எண்டு நினைச்சன்" என்றார் யாகப்பர். "அந்த மனுசியிட்ட இருக்கு எண்டால் போய்ப் பறிச்சுக்கொண்டு வருவாய் எண்டு பயமா இருந்தது."

லூர்தம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்தியும், எதற்குத் துணிவாள் எதற்குத் துணியமாட்டாள் என்று இந்த மனிதனுக்குத் தெரியாமல் போய்விட்டதே. ஒரு ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். அதற்கு எப்படி ஏசுவது? தன் பிள்ளையின் முதுகை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதை எப்படி ஏசாமல் விடுவது?

"அப்பா" என்றாள் றொமில்டா. "அந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம்?"

"என்ன எந்தப் பக்கம்?"

"வளைவு. வலமோ, இடமோ?"

"எனக்கென்ன தெரியும்? வளைஞ்சிருந்தது. உன்னைவிடச் சின்ன உடம்பு. சட்டை கொஞ்சம் தொளதொள எண்டு நிண்டது. தாய் சீலைத் துணியை மடிச்சு உள்ளுக்கு வைச்சு, வாரை இறுக்கிக் கட்டினா. நானும் பிடிச்சு விட்டனான்."

றொமில்டா தாயின் கையை எடுத்துத் தன் வலப்பக்க விலாவில், மேடாக நின்ற இடத்தில் வைத்தாள்.

"இதில ஒரு தடிப்பு வைச்சிருக்கு, அம்மா, சட்டைக்கு உள்பக்கமா. அது இந்த மேட்டைத் தள்ளும். மற்றப் பக்கத்தில ஓட்டை வெட்டி விட்டிருக்கு, தள்ளுற உடம்பு அங்கால போறதுக்கு. எனக்கு எண்டு அளந்து வைச்சது. அந்தப் பிள்ளைக்கு மற்றப் பக்கம் வளைவு எண்டால், அது பள்ளத்தைத்தான் தள்ளும். வளைஞ்சது இன்னும் வளையும்."

"ஒரே பக்கம் எண்டால்?" யாகப்பர் கேட்டார்.

"ஒரே பக்கம் எண்டாலும் அந்தப் பிள்ளைக்கு எங்க மேடு எண்டு தெரியாதே, அப்பா. தடிப்பு வேற இடத்தில குத்தும். துணி வேற வைச்சு இறுக்கினால் மூச்சும் விட ஏலாது. எனக்கே முதல் கிழமை ஏலாமக் கிடந்தது."

யாகப்பரின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. லூர்தம்மா அவரை அப்படிக் கண்டதில்லை. கடலில் எஞ்சின் நின்று இரவெல்லாம் அலைந்து வந்த அன்றும் அவர் முகம் அப்படி இருக்கவில்லை.

"அந்த மனுசி என்ட காலில விழப் பாத்தவ" என்றார். "கழட்டப்படாது எண்டு நான்தான் சொன்னனான். படுக்கேக்கையும் போடுங்கோ, பிள்ளை அழுதாலும் விடாதேங்கோ, எங்கட பிள்ளையும் அழுதுதான் சுகம் வந்தது எண்டு சொன்னனான்."

சந்திக்குத் திரும்புகிற கடைசி வான் கோவில் வாசலில் நின்று ஹோர்ன் அடித்தது. இதை விட்டால் சாவடி பூட்டுவதற்குள் அந்தப் பக்கம் போக முடியாது. லூர்தம்மா வானைப் பார்த்தாள். மகளின் முதுகுக்காகத்தான் அவள் காலையிலிருந்து அலைகிறாள். இப்போது இன்னொருத்தியின் மகளும் அவள் தலையில் ஏறிவிட்டாள். அந்தச் சட்டை எப்படியும் வேண்டும். அந்தப் பிள்ளையின் உடம்பிலிருந்து அது எப்படியும் இறங்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனது அதை அவ்வளவு இலேசாக ஏற்கவில்லை.

"பாதை தெரியுமோ?" என்று கணவனைக் கேட்டாள்.

யாகப்பர் எழும்பிச் சாரத்தைத் தட்டினார். "ஊர் தெரியும். வீட்டைக் கேட்டுப் போவம்."

வான் அவர்களை விட்டுவிட்டுப் போனது. மூவரும் காட்டோரத்துச் செம்மண் பாதையில் நடந்தார்கள். பஸ்ஸில் மூன்று சீற்றுத் தள்ளி இருந்த மனிதர் இப்போது முன்னால் நடந்தார். றொமில்டா ஒரு தோளைச் சரித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனாள். சட்டை இல்லாத பிள்ளை இந்தக் கொஞ்ச நாளிலேயே சரிந்துதான் நடக்கிறாள் என்பதை லூர்தம்மா பின்னால் வந்தபடி பார்த்துக்கொண்டே வந்தாள்.

குடியிருப்புத் தொடங்குகிற இடத்தில் ஒரு பெண் சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு உருட்டி வந்தாள். யாகப்பர் ராக்கம்மாவின் வீட்டைக் கேட்டார்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "மாதா சட்டை குடுத்த பிள்ளை வீடா? இந்தா, அந்தப் புளியமரத்துக்கு அந்தாண்டைங்க. நேத்தைக்கும் தட்சணாமருதமடுவுல இருந்து ஆளுங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. புள்ள என்னா நேரா நிக்கிது தெரியுமா. நானும் என் மகன கூட்டிட்டுப் போயி அந்தச் சட்டயத் தொட்டுக் கும்புட வச்சேன். அவனுக்குக் கை வெளங்காது, பாவம்."

சைக்கிளைப் பிடித்தபடியே அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். றொமில்டாவின் சரிந்த தோளில் அவள் கண் போய் நின்றது.

"உங்க புள்ளைக்கும் முதுகுதானா? பாத்துக் கும்புட்டுட்டுப் போகத்தான் வந்தீங்களா?"

றொமில்டா தாயைப் பார்த்தாள்.

"ஓம்" என்றாள் லூர்தம்மா. கழற்ற வந்தோம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.